எல்லோருக்கும் இலை போடும் தொழில்

ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். ரிங் ஃப்ரேமில் நிற்கும் ஒடிசாப் பெண்களுக்கும் அவர்களை வேலை வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி. நடத்த வந்தவர் என் தோழி. துணைக்கு நானும் போயிருந்தேன். ஜமுக்காளத்தை விரித்து உட்காருவதற்குள் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் தன் மனக்குறையைக் கொட்டிவிட்டார். “இந்தப் புள்ள என்னையப் பாத்து அப்பா, அப்பாங்குது மேடம். நாலு பேருக்கு முன்னால கேலி பண்ணுது. நானும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்க?”

அந்தப் பெண் சொல்லிவந்தது ‘அபா’. ஒடியா மொழியில் அபா என்றால் அக்கா. ஆறு மாதமாக அவள் மரியாதையோடு அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். ஆறு மாதமாக அது ஏளனமாகக் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் அவள் கேட்ட ஷிப்ட் மாற்றம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு சொல் பிசகியதற்கு ஒரு பெண் தன் தூக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறாள்.

அந்தச் சொல்லை எடுத்து வெளிச்சத்தில் வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நிறுவனங்கள் அந்த வேலையை ‘டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன்’ பயிற்சி என்கின்றன. வெவ்வேறு மொழி, சாதி, மதம், பாலினம், உடல்நிலை கொண்டவர்கள் ஒரே கூரையின்கீழ் மரியாதையோடு வேலை செய்ய வழி செய்வது அதன் நோக்கம். இது உண்மையிலேயே ஒரு தொழிலா? இதனால் பலன் உண்டா? நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் இதை நம்பி இறங்கலாமா? இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

பிறந்த இடம்

இந்தத் தொழிலுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, 1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உளவியலாளர் கர்ட் லெவின் நடத்திய பட்டறை. இனப்பகையைக் குறைக்க விரும்பிய சமூக ஊழியர்களுக்காக அது நடந்தது. ஒரு குழு தன்னைத்தானே கவனித்துப் பேசும்போதுதான் மனிதர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பது அங்கே தெரிந்தது. இன்று வட்டமாக உட்கார்ந்து பேசும் பயிற்சிகளுக்கெல்லாம் அதுவே தாய்.

இன்னொன்று, வெளிநாடு செல்லும் அமெரிக்க அதிகாரிகளுக்கு 1950-களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் நடத்திய வகுப்புகள். மொழி தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு தள்ளி நின்று பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்பதும் பேச்சுதான் என்று அவர் கற்பித்தார். அதன் பிறகு ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து, நாடுகளின் பண்பாட்டை அளக்க முயன்றார் ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட். சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பழகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது மரபில் வந்தவை.

இரண்டு மரபுகளுமே நம் மண்ணின் முக்கியமான ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது சாதி. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இந்த மண்ணின் பாடம்

ராஜபாளையத்துக்குப் பன்மை புதிதல்ல. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்த தெலுங்கு பேசும் ராஜுக்கள் ஊன்றிய ஊர் இது. பழையபாளையத்திலும் புதுப்பாளையத்திலும் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். கரிசல் நிலத்துக்குத் தெலுங்குக் குடும்பங்கள் வந்து சேர்ந்த கதையைக் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக எழுதினார். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இந்த ஊரைப் பஞ்சாலை நகரமாக்கியது. சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து பல சாதி மக்கள் ஒரே சங்கொலிக்கு உள்ளே வந்தார்கள்.

இந்த ஊரில் பிறந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். பிறகு 1954 முதல் 1956 வரை ஒடிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். ராஜபாளையத்துத் தெலுங்கர் ஒருவரை ஒடிசா அரை நூற்றாண்டுக்கும் வெகு முன்பே ராஜ்பவனில் வைத்துப் பார்த்தது. இன்று ஒடிசாவின் பெண்கள் ராஜபாளையம் மில் விடுதிக்கு வந்திருக்கிறார்கள். இந்தக் கதையை அன்று பயிற்சியில் என் தோழி சொன்னபோது, இரண்டு தரப்பும் ஒன்றுபோல நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன்.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் அழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. ஆடிப்பூரத்துக்கு ஊர் கூடித் தேர் இழுக்கிறது. 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இன்னமும் வாசகர்களை வரவேற்கிறது. மேற்கே செண்பகத்தோப்பில் பளியர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் வனத்துறை ஊழியருக்கும் பளியருக்கும் இடையே யார் எதை எப்படிப் பேசுகிறார்கள் என்பது வாழ்வாதாரம் பற்றிய கேள்வியாகிவிட்டது.

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது பொய்யாகிவிடும். இதே மாவட்டம் 1997-ஐ மறக்கவில்லை. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்று போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு மறுத்தது. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டமாக இருந்தது விருதுநகர் மாவட்டமானதும் அப்போதுதான். பெயரை அழித்துப் பகையை அணைத்தோம். பகையைப் பற்றி உட்கார்ந்து பேசவில்லை.

பேசாமல் விட்டது 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீட்டு வாசலில் அரிவாளாக வந்து நின்றது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கச் சொன்னதோடு, ஆசிரியர்களுக்குச் சமூகநீதி குறித்த பயிற்சி தரவும் அது பரிந்துரைத்தது. ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். ஆனால் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதே இங்கே பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

சட்டம் உருவாக்கிய வேலை

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் சோறு போடுவது நல்லெண்ணத்தைவிடச் சட்டம்தான். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. தலைமை வகிப்பவர் பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியிலிருந்து வரவேண்டும், இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவராக. ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவதும் முதலாளியின் கடமை. குழு அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். இந்த வெளி உறுப்பினர், இந்தப் பயிற்சியாளர் என்ற இரண்டு நாற்காலிகளே பலருக்குத் தொழிலின் வாசல்.

பத்துப் பேருக்கும் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் சின்னச் சின்னக் கூடங்களையும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் அப்படி ஒரு குழு இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பெருநகரப் பயிற்சியாளர் அந்தத் தெருவுக்கு வரமாட்டார். வந்தாலும் அந்தப் பேச்சு அவருக்குப் பிடிபடாது. உள்ளூர்ப் பிள்ளைக்கான வேலை அங்கேதான் காத்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த வகைகளை 21 ஆக உயர்த்தியது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி அறிவிக்க வேண்டும் என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்களில் புகார் அலுவலர் வேண்டும் என்கிறது. காகிதத்தில் இருக்கும் இவற்றை ஆளோடும் இடத்தோடும் பொருத்த யாராவது வேண்டும்.

மாற்றுத்திறனில் நம் வட்டாரம் வெறுங்கையோடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குத் தனியாகப் பொறியியல் கற்பிக்கிறது. தெற்கே தென்காசிக்கு அருகில் ஆய்குடியில், முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. சைகை மொழியிலும், சாய்வுதளம் எந்தச் சரிவில் இருக்கவேண்டும் என்பதிலும் இந்த வட்டாரத்திலேயே பயிற்சி பெற முடியும். பட்டம் பெற்ற செவித்திறன் குறைந்த இளைஞரை வேலைக்கு எடுத்த பிறகு, அவரோடு எப்படிக் கூட்டம் நடத்துவது என்று தெரியாமல் நிறுவனம் விழிக்கும்போது, நடுவில் நிற்க ஆள் வேண்டும்.

பலன் உண்டா?

இனி கடினமான கேள்வி. இந்தப் பயிற்சிகளால் ஏதாவது மாறுகிறதா?

நேர்மையான பதில்: பயிற்சி மட்டும் என்றால், பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 708 தனியார் நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். மேலாளர்களுக்கு நடத்திய பயிற்சி, உயர்பதவியில் பெண்கள், கறுப்பினத்தவர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் மிகக் குறைந்த பலனையே தந்திருந்தது. இது இன்னாருடைய பொறுப்பு என்று ஆளையும் குழுவையும் நியமித்த நிறுவனங்களே முன்னேறியிருந்தன. அப்படிப் பொறுப்பு நியமிக்கப்பட்ட இடங்களில் பயிற்சியும் ஓரளவு நன்றாக வேலை செய்தது. 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றி வகுப்பு எடுத்தது. செய்தி பெரிதாக வந்தது. ஆனால் ஒரு பிற்பகலில் யாருக்கும் மனசு மாறாது.

எது மாற்றுகிறது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்றுகள் உண்டு. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்து எட்டு கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். பல சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு கூடியது. வேறு சாதியினரை எதிரணியாகச் சந்தித்தபோது அது குறைந்தது. டெல்லியின் பணக்காரப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளும் சேர்ந்த பிறகு, வசதியான பிள்ளைகளிடம் கொடுக்கும் குணம் வளர்ந்ததையும் பாகுபாடு குறைந்ததையும் இன்னொரு பொருளாதார ஆய்வாளரான கௌதம் ராவ் காட்டினார். அடுத்தடுத்து உட்கார வைப்பது மட்டும் போதாது. ஒரே பக்கம் நின்று ஒரே வேலையைச் செய்ய வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இரண்டு நிகழ்வுகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மதுரையிலிருந்து தப்பிச் சென்னைக்கு வந்த இரு பெண்கள், தங்கள் உறவுக்குப் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த அவருடைய உத்தரவு, காவல்துறை முதல் பள்ளிகள் வரை விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தச் சொன்னது. அது பயிற்சியோடு நிற்கவில்லை. 2022-ல் காவலர் நடத்தை விதிகளே திருத்தப்பட்டன. மாற்றுப் பாலினத்தவரையும் பால்புதுமையரையும் துன்புறுத்துவது விதிமீறல் ஆனது. மரியாதையான சொற்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. கற்றல், விதி, சொல் மூன்றும் அந்த வரிசையிலேயே வந்தன.

இன்னொன்று துயரத்தில் தொடங்கியது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிநிலை ஊதியக் கூட்டணி முதலியவை, ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் போன்ற வாங்குவோரோடும் 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை எட்டின. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லிக் குறித்தது. ஏறத்தாழ 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தளக் கண்காணிப்பாளர்களைத் தொழிலாளர்களிலிருந்தே எடுத்துச் சங்கம் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்றவர் அடுத்த நாளும் அதே எந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். புகார் சொல்ல அலுவலக மாடி ஏற வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் தமிழ்நாடு உலகத்துக்குக் காட்டிய மிகச் சிறந்த மாதிரி இதுதான் என்பேன்.

எதிர்ப்புகள்

இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி என்று சொல்கிறவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் பதவியேற்ற டிரம்ப், கூட்டாட்சி அரசின் பன்மைத் திட்டங்களை ஆணை போட்டு நிறுத்தினார். பல பெருநிறுவனங்கள் பின்வாங்கின. அங்கிருந்து வரும் ஆர்டரை மட்டும் நம்பிப் பயிற்சி நடத்தியவர்களுக்கு இது அடிதான். ஆனால் நம் உள்ளகக் குழுக்களும் சமவாய்ப்புக் கொள்கையும் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களிலிருந்து வந்தவை. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு நம் அரசியலமைப்பில் இருக்கிறது. நமக்கு இது வேர்விட்ட மரம்.

இன்னொரு எதிர்ப்பு உள்ளிருந்து வருகிறது. சாதியைத் தொடாமல் பயிற்சி நடத்துங்கள், அது உணர்ச்சிகரமான விஷயம் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. அமெரிக்காவில் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பை நடத்தும் தமிழ் வழிவந்த தேன்மொழி சௌந்தரராஜன், 2022-ல் கூகுளில் சாதி பற்றிப் பேச அழைக்கப்பட்டார். உள்ளே எழுந்த எதிர்ப்பால் அந்தப் பேச்சு ரத்தானது. கலிஃபோர்னியாவிலேயே அப்படி என்றால் விருதுநகர் மாவட்டத்தில் எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். ஆனாலும் சாதியை விட்டுவிட்டு இங்கே பன்மையைப் பேசுவது, உப்பை விட்டுவிட்டுச் சமையல் சொல்லிக்கொடுப்பது போன்றது. பயிற்சியாளர் ஒப்புக்கொள்ளும் முன்பே இதைத் தெளிவாகப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மறுத்தால் அந்த வேலையை விடும் துணிவும் வேண்டும்.

எதிர்ப்புகளோடு ஓர் ஆபத்தும் உண்டு. அது வதந்தி. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. விடுதிகளில் பயம். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாடு அரசு இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தொழிலாளியின் மொழியில் பேச ஆள் முன்பே விடுதியில் இருந்திருந்தால் பயம் அவ்வளவு தூரம் ஓடியிருக்காது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘வடநாட்டுப் பிள்ளைகள்’ என்று நாம் ஒரே கூடையில் போடுகிறவர்களில் ஒடியா, வங்காளி, அசாமியா, சந்தாலி பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. அவர்களுக்கும் இந்தி இரண்டாம் மொழிதான்.

இறங்க நினைப்பவருக்கு

இந்த வேலைக்கென்று நேரான படிப்பு கிடையாது. சமூகப்பணி, உளவியல், சட்டம், மனிதவளம் என்று பல வழிகளில் வருகிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்து ஆலை மனிதவளப் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு வருகிறவருக்குத் தொழிற்சாலையின் நடைமுறை தெரியும். இந்திய சைகை மொழி கற்றவருக்குத் தனி மதிப்பு. டெல்லியில் 2015 முதல் இயங்கும் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அதற்கான பட்டயப் படிப்பு நடத்துகிறது. உள்ளகக் குழு விசாரணை எப்படி நடக்கும் என்பதைச் சட்ட நூலோடு உட்கார்ந்து கற்க வேண்டும். தெரியாமல் பேசினால் பாதிக்கப்பட்டவர் இரண்டாம் முறை பாதிக்கப்படுவார்.

வருமானம் ஆரம்பத்தில் சீராக வராது. ஒரு மாதம் நான்கு பயிற்சி, அடுத்த மாதம் ஒன்றுமில்லை. அதனால் வேலையில் இருந்துகொண்டே தொடங்குவதும், குழு வெளி உறுப்பினராகச் சில இடங்களில் நிலைப்பதும் நல்லது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த ராஜபாளையத்துப் பிள்ளைக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஒரே பொருள் மூன்று மொழியில் மூன்று மரியாதையோடு வரும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிந்ததல்ல. காது பழகிவந்தது. பெருநகர வகுப்பறையில் அதை விலைக்கு வாங்க முடியாது.

சோறும் தாளும்

அன்று மதியம் நூற்பாலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் விடுதி வார்டன் இன்னொரு புகார் வைத்தார். “கேன்டீன்ல இட்லி போட்டா திங்க மாட்டேங்குதுக. ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி ரூமுக்குள்ள ஒளிச்சு வச்சுக் காலைல திங்குதுக. எறும்பு வருது, நாத்தம் வருது.” விடுதி அறைக்குள் உணவு வைக்கக் கூடாது என்பது விதி. அதற்காக இரண்டு பெண்களுக்கு அபராதமும் போட்டிருந்தார்கள்.

என் தோழி யாரையும் திருத்தவில்லை. அந்தப் பெண்களிடம் அதற்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். பகாளா என்றார்கள். தண்ணீரில் ஊறிப் புளித்த சோறு, கூட வெங்காயம், பச்சை மிளகாய், வறுத்த மீன் கிடைத்தால் திருவிழா. காலையில் ‘அப்பா’ என்று கோபப்பட்ட அதே சூப்பர்வைசர் அக்கா சட்டென்று சொன்னார். “இது பழைய சோறுல்ல. எங்க அம்மா அதக் குடிச்சிட்டுத்தான் மில்லுக்கு வரும்.” அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எந்த வகுப்பும் அந்த அமைதியை உண்டாக்கியிருக்காது.

ஆனால் அந்த நெகிழ்ச்சியோடு நாங்கள் கிளம்பியிருந்தால் அது ஒரு நல்ல மதியமாக மட்டும் முடிந்திருக்கும். தோழி மேலாளரோடு மாலைவரை உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுதி வாங்கினார். காலையில் கேன்டீனிலேயே பழைய சோறு. போட்ட அபராதம் திருப்பித் தரப்படும். ஷிப்ட் மாற்றம் வாய்ச்சொல்லாகக் கேட்பதற்குப் பதில், பெயர் எழுதும் ஒரு தாள். என் அனுபவத்தில் பயிற்சியாளரின் உண்மையான வேலை கைதட்டல் ஓய்ந்த பிறகு தொடங்கும் இந்தப் பேச்சுவார்த்தைதான். கூலிக்கு அவர் தகுதியாவதும் இதில்தான்.

அடுத்த மாதம் நாங்கள் மறுபடி போனபோது அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் இருந்தது. தலைப்பு தமிழிலும் ஒடியாவிலும் எழுதியிருந்தது. வரிசையில் மூன்றாவதாக அந்தப் பெண்ணின் பெயர். எதிரே, பகல் ஷிப்ட் என்று எழுதிச் சூப்பர்வைசர் அக்கா கையெழுத்துப் போட்டிருந்தார்.